அங்கன்வாடி விழாவில் ஷிப்ட்டுக்குப் போகிற பெற்றோரும் சேர என்ன வழி?

கட்டிங்_மாஸ்டர் (திருப்பூர்)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஏரியா அங்கன்வாடியில் ஏப்ரல் கடைசியில் சின்னதாக ஒரு விழா வைக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. ஐந்து வயது முடிந்து ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைகளை வழியனுப்ப. என் மகளும் அதில் ஒருத்தி. டீச்சர் ஒருவர், உதவியாளர் அக்கா ஒருவர், அவ்வளவுதான் ஆள். பிள்ளைகள் இருபதுக்கு மேல் வருகிறார்கள்.

இங்கே முக்கால்வாசி வீட்டில் அப்பா அம்மா இரண்டு பேருமே பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து வெளியே வர ராத்திரி எட்டரை ஆகும். பர்மிஷன் கேட்டால் சம்பளம் பிடிப்பார்கள், பீஸ் ரேட்டில் தைக்கிறவர்களுக்கு மிஷினில் உட்காராத ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம்தான். அதனால் எந்தக் கூட்டம் வைத்தாலும் வீட்டில் இருக்கிற அதே நாலு அம்மாக்கள்தான் வருகிறார்கள். கோலம் போடுவது, பாத்திரம் கழுவுவது, பிள்ளைகளைப் பிடித்து உட்கார வைப்பது எல்லாம் அவர்கள் தலையில். வராதவர்களைப் பார்த்து "பெத்த பிள்ளைமேல அக்கறையே இல்ல" என்று ஒரு பேச்சும் கிளம்பிவிடுகிறது. அது கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. அக்கறை இல்லாமலா அந்த ஒன்றரை ஷிப்ட் போகிறார்கள்?

இன்னொரு பக்கம், வார்டில் கொஞ்சம் செல்வாக்கான ஒருவர் பந்தல், ஃப்ளெக்ஸ், ஸ்பீக்கர் செட் எல்லாம் தன் செலவு, சாயங்காலம் ஆறு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆட்களைக் கூட்டி வருகிறேன் என்கிறார். நல்ல மனசோடுதான் சொல்கிறார். டீச்சர் சரி என்றுவிட்டார், ஆனால் அவர் முகம் தெளிவாக இல்லை. உங்கள் ஊரில் எப்படிச் செய்கிறீர்கள்?

பாப்பா_டீச்சர் (விழுப்புரம் மாவட்டம்)

நானும் அங்கன்வாடிப் பணியாளர்தான், அதனால் உங்கள் டீச்சர் முகம் ஏன் அப்படி இருந்தது என்று என்னால் சொல்ல முடியும். சாயங்காலம் ஆறு மணி விழா என்றால் ஏழுக்குத்தான் ஆரம்பிக்கும். பேச வருகிறவர்கள் பேசி முடிக்க எட்டு. மூன்று வயதுப் பிள்ளை அந்த நேரத்துக்குத் தூங்கி வழியும், இல்லாவிட்டால் அழும். அழுகிற பிள்ளையை மேடையில் தள்ளி ஆட வைத்து, முடிந்ததும் நாற்காலி எண்ணிக் கொடுத்து, மையத்தைப் பூட்டிவிட்டு அவர் பஸ் பிடிக்க வேண்டும். மறுநாள் காலையில் வழக்கம் போல எல்லாவற்றையும் ஆரம்பிக்க வேண்டும்.

வெளியே இருந்து பார்த்தால் பாட்டுச் சொல்லிக் கொடுத்து சாப்பாடு போடுவதுதான் எங்கள் வேலை என்று தெரியும். அங்கன்வாடிகளை நடத்துகிற ஐசிடிஎஸ் (ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சி) திட்டத்தின் ஆறு சேவைகளில் முன்பருவக் கல்வி ஒன்று. மிச்சத்துக்கும் நாங்கள்தான். எடை, உயரம் பார்த்துப் பதிய வேண்டும், கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுக்க வேண்டும், தடுப்பூசிக்குத் தாய்மார்களைக் கூப்பிட வேண்டும், வீடு வீடாகப் போக வேண்டும், வாரம் மூன்று முட்டைக்கும் கணக்கு வைக்க வேண்டும். 2021-ல் போஷன் டிராக்கர் என்ற மொபைல் ஆப் வந்த பிறகு இதெல்லாம் போனிலும் ஏற வேண்டும். செப்டம்பர் வந்தால் போஷன் மாதம் (ஊட்டச்சத்து மாதம்) என்று தினம் ஒரு நிகழ்ச்சி. இதற்கு மேல் ஒரு பெரிய விழா என்றால் எங்களுக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் முதலில் வரும்.

காலை நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாமல் வையுங்கள். அன்றைக்கு எனக்கு வேண்டியது நாலே நாலு பெரியவர்கள். வாசலில் ஒருவர் நிற்க வேண்டும், கூட்டத்தைப் பார்த்ததும் ரோட்டுக்கு ஓடுகிற பிள்ளை எல்லா மையத்திலும் உண்டு. பாத்ரூமுக்குக் கூட்டிப் போக பிள்ளைகளுக்குப் பழகிய ஒரு அம்மா, கையில் இரண்டு மூன்று மாற்று ஜட்டியோடு. தண்ணீர் கொடுக்க ஒருவர். எந்தப் பிள்ளை யாரோடு வீட்டுக்குப் போனது என்று நோட்டில் எழுத ஒருவர். இந்த நாலு வேலையும் பார்வைக்குப் பெரிதாகத் தெரியாது, அதனால் யாரும் தானாகக் கேட்டு வாங்க மாட்டார்கள். நீங்கள்தான் பேர் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, பலூன் தோரணம் கட்டவே வேண்டாம். ஊதாத பலூனோ வெடித்த துண்டோ வாயில் போனால் தொண்டையில் ஒட்டிக்கொண்டு மூச்சை அடைத்துவிடும். முழு வேர்க்கடலையும் முழு திராட்சையும் அப்படித்தான். கேசரி செய்தால்கூட முந்திரியைப் பொடித்துப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி_கேட்பவன் (மதுரை)

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். இந்த ஐசிடிஎஸ் 1975 அக்டோபர் 2-ல் ஆரம்பித்த திட்டம், ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துக்கும் மேல் மையங்கள். இன்னும் ஒரு டீச்சர், ஒரு உதவியாளர் என்ற கணக்குதான், அதிலும் பல இடத்தில் காலியிடம், ஒரே டீச்சர் இரண்டு மையம் பார்க்கிறார். இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று சொல்லவே 2022-ல் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. இப்படி இருக்கும்போது பெற்றோர் வாருங்கள், ஊர்க்காரர்கள் வாருங்கள் என்று கூப்பிட்டால் என்ன ஆகும்? ஆள் இல்லாமலே நடக்கிறதே என்று மேலே இருப்பவர்கள் நிம்மதியாக இருந்துவிடுவார்கள். தினக்கூலி வாங்குகிற பெற்றோர் ஏன் இலவச வேலை செய்ய வேண்டும்? ஆள் போடச் சொல்லி மனு கொடுங்கள், அதுதான் உருப்படியான தொண்டு.

பாப்பா_டீச்சர் (விழுப்புரம் மாவட்டம்)

மனு கொடுங்கள் தம்பி, நாங்களும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆள் போட வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பெற்றோர் வருவதை இலவச வேலை என்று மட்டும் பார்க்காதீர்கள்.

என் மையத்தில் நாலு வயதில் பிள்ளையைத் தனியார் எல்கேஜிக்கு மாற்றுகிற வீடுகள் நிறைய. கேட்டால் "இங்க எழுதச் சொல்லித் தரதில்ல, விளையாட விடறீங்க" என்பார்கள். ஒருநாள் ஒரு அம்மா மழைக்கு ஒதுங்கி உள்ளேயே உட்கார்ந்திருந்தார். அவர் பையன் புளியங்கொட்டையும் சோழியும் கலந்த குவியலைப் பிரித்து, ஐந்து ஐந்தாகக் கூறு கட்டி, ஒரு கூறில் ஒன்று குறைகிறது என்று அவனே கண்டுபிடித்துத் தேடிக்கொண்டிருந்தான். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை, மொத்த நேரமும் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு அவர் எழுத்து கேட்டதே இல்லை, பக்கத்து வீட்டுக்காரரிடம் அவரே எடுத்துச் சொன்னார். மாதம் ஒரு நாள் இசிசிஇ (முன்பருவக் கல்வி, பராமரிப்பு) நாள் என்று பெற்றோரைக் கூப்பிடச் சொல்வதும் இதற்காகத்தான். நான் பத்துக் கூட்டத்தில் பேசினாலும் வராத நம்பிக்கை, கண்ணால் பார்த்தால் வந்துவிடும்.

அதனால் விழாவிலும் சினிமாப் பாட்டுக்கு டான்ஸ் வேண்டாம் என்பேன். பிள்ளைகள் தினம் செய்வதையே ஊர் பார்க்கட்டும்.

வேளச்சேரி_அம்மா (சென்னை)

கடைசி வரிக்குக் கை தட்டுகிறேன் டீச்சர். நாங்கள் தனியார் ப்ளே ஸ்கூல். பேர் வேண்டாம். ஆண்டு விழா என்றால் குறிப்பிட்ட ஒரு கடையில்தான் டிரஸ் வாடகைக்கு எடுக்க வேண்டும், மதியம் மூன்று மணிக்கே மேக்கப் போட்டு ஹாலில் விட வேண்டும், பிள்ளையின் முறை வரும்போது ராத்திரி ஏழரை. ஜிகினா குத்தி என் பையனுக்குக் கழுத்தெல்லாம் தடிப்பு. "பேரன்ட் வாலண்டியர்" என்று வாட்ஸ்அப் குரூப்பில் பேர் போட்டு, வராதவர்கள் பேரையும் தனியாகப் போட்டார்கள். வேலைக்குப் போகிற அம்மாக்கள் அந்த லிஸ்டைப் பார்த்துக் கூனிக்குறுகிப் போனோம். இஷ்டப்பட்டு வருவதற்கும் வராவிட்டால் பிள்ளையை எப்படி நடத்துவார்களோ என்று பயந்து வருவதற்கும் வித்தியாசம் இருக்கிறது இல்லையா?

அடுத்த வருஷம் நாங்கள் சிலர் சேர்ந்து பேசினோம். வீட்டில் இருக்கிற பருத்தித் துணி போதும், ஒவ்வொரு வகுப்புக்கும் தனி நாள், காலையில், வகுப்பறையிலேயே என்று மாற்ற வைத்தோம். பிள்ளைகள் அழுவது பாதியாகக் குறைந்தது.

கட்டிங் மாஸ்டர் அண்ணா, ஒன்று கவனியுங்கள். உதவிக்கு வருகிற அம்மாவுக்கு அவருடைய பிள்ளை இருக்கிற வரிசையைக் கொடுக்காதீர்கள். அம்மாவைப் பார்த்தால் பிள்ளை மடியை விட்டு இறங்காது, அந்த அம்மாவாலும் மற்ற பிள்ளைகளைக் கவனிக்க முடியாது.

முற்றத்து_வேம்பு (யாழ்ப்பாணம்)

எங்கள் பக்கத்துக் கதையையும் சொல்கிறேன். இங்கே பல முன்பள்ளிகள் ஊர்ச் சனசமூக நிலையத்தோடு சேர்ந்துதான் நடக்கின்றன. ரீச்சருக்குக் கிடைக்கிற கொடுப்பனவு மிகவும் சொற்பம், ஆகவே பெற்றோரும் ஊரும் கை கொடுக்காவிட்டால் முன்பள்ளியே இல்லை. கேள்வி கேட்பவன் சொன்னதில் உள்ள நியாயம் எங்களுக்கு நன்றாகவே விளங்கும்.

ஆனாலும் எங்கள் சிறுவர் சந்தையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதல்நாள் பின்னேரம் வேலையால் வந்த தகப்பன்மார் தடி நட்டு, கிடுகு போட்டு, சின்னச் சின்னக் கடைகள் கட்டுவார்கள். அடுத்தநாள் பிள்ளைகள் வீட்டுக் காணியில் உள்ளதைக் கொண்டு வருவார்கள். முருங்கைக்காய், தேசிக்காய், கீரைக்கட்டு, அம்மம்மா சுட்ட பணியாரம். ஊர்ச் சனம் வந்து வாங்க வேண்டும், அதுதான் சனத்தின் வேலை. எங்கள் ஒழுங்கையில் உள்ள ஒரு ஆச்சி இருபது ரூபாய்க் கீரைக்கு ஐம்பது ரூபாய் கொடுத்துவிட்டு, மிச்சக் காசுக்குக் கையை நீட்டியபடி அப்படியே நிற்பா. பிள்ளை பெட்டிக்குள் தேடும், எண்ணும், பிழை விடும், திரும்ப எண்ணும். பின்னால் நிற்கிற தாய் வாய் திறக்கக்கூடாது என்பது ரீச்சரின் கட்டளை. ஆச்சிக்கு அவசரமே இல்லை. சரியான காசு கைக்கு வந்த பிறகுதான் நகருவா.

உங்களுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். பகலில் வர முடியாத பெற்றோருக்கு முதல்நாள் இரவில் வேலை இருக்கிறது, வீட்டில் இருக்கிற கிழவன் கிழவிகளுக்குப் பகலில் வேலை இருக்கிறது.

கட்டிங்_மாஸ்டர் (திருப்பூர்)

அக்கா, சந்தை யோசனை என்னைப் பிடித்துக்கொண்டது. ஆனால் இங்கே யாருக்கும் காணி இல்லை, லைன் வீடுதான். இருக்கிறது ஒன்றுதான், பனியன் வேஸ்ட். கட்டிங் டேபிளுக்கு அடியில் குவிகிற கலர் துணித் துண்டு. அதை வைத்துத் துணிப்பந்து, விரல் பொம்மை, கரடி எல்லாம் தைக்கலாம். டெய்லர்கள் வீட்டு மிஷினில் ராத்திரி அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். வெட்டிக் கொடுப்பது என் பொறுப்பு.

நேரத்துக்கும் ஒரு வழி தோன்றுகிறது. இந்த ஏரியா கம்பெனிகளில் சாப்பாட்டு நேரம் பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரை. பாதிப் பேர் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் சந்தை வைத்தால் பர்மிஷனே வேண்டாம். பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு மணிக்கே சாப்பாடு கொடுத்துவிடுவார்கள்.

இன்னொரு விஷயமும் கேட்கணும். எங்கள் மையத்தில் ஒடிசா, பீகாரிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பிள்ளைகள் நம்மைவிட நன்றாகக் கொங்குத் தமிழ் பேசும். அம்மாக்கள்தான் பிள்ளையை விட்டதும் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். அவர்களை எப்படி உள்ளே கூப்பிடுவது?

கொடிவேரி_தாத்தா (கோபி)

பிள்ளையையே தூதுக்கு அனுப்புங்க. "அம்மா, உங்க ஊர்ல என்னை எந்தப் பாட்டுப் பாடித் தூங்க வைப்ப, அதை வந்து பாடு" என்று பிள்ளை கேட்டால் எந்த அம்மாவும் தட்ட மாட்டாங்க. தாலாட்டுக்கு மொழி தெரிய வேண்டியதில்லை, எல்லாப் பிள்ளையும் கேட்கும். அவங்களை டம்ளர் கழுவ மட்டும் கூப்பிட்டுவிடாதீங்க.

நான் ஓய்வு பெற்ற ஆள். எங்க ஊர் பால்வாடிக்கு அப்பப்போ போய் தென்னை ஓலையில காத்தாடி, பாம்பு, கிலுகிலுப்பை செஞ்சு கொடுக்கிறேன். காத்தாடிக்கு அந்தக் காலத்தில் கருவேல முள் குத்துவோம். சின்னக் கைக்கு அது ஆகாது, ஈர்க்குச்சியில முடிச்சுப் போட்டு நிறுத்திக்கிறேன். ஓலையை மடிக்கும்போது நாலு தலை என் கை மேலேயே கவிழ்ந்து கிடக்கும், அடுத்து எந்த மடிப்பு என்று என்னைவிட முன்னால் ஒரு வாண்டு சொல்லிவிடும். காத்தாடியைக் கையில் கொடுத்ததும் ஓடினால்தான் சுத்தும் என்று அவங்களே கண்டுபிடிச்சுக்குவாங்க.

டீச்சர் முதல் நாளே கறாராகச் சொல்லிட்டாங்க. பதினொண்ணுலிருந்து அரை மணி நேரம்தான், டீச்சரோ உதவியாளரோ கூட இருக்கும்போது மட்டும், எந்தப் பிள்ளையையும் தனியா எங்கேயும் கூட்டிப் போகக்கூடாது. எனக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லீங்க. ஊர்ப் பெரிய மனுஷன் என்பதற்காக விதியைத் தளர்த்தாத டீச்சரிடம்தான் என் பேத்தியை நம்பி விட முடியும்.

கரூர்_காரி

போட்டோ விஷயத்தை இப்போதே பேசி முடியுங்கள். எங்கள் ஊரில் தட்டு கொடுக்க வந்த ஒருவர், போட்டோ சரியாக விழவில்லை என்று அதே பிள்ளையிடம் தட்டைத் திருப்பி வாங்கி மறுபடியும் கொடுத்தார். அது தட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அழுதது. போட்டோ எடுக்க ஒரே ஆள், எந்த வீட்டில் வேண்டாம் என்கிறார்களோ அந்தப் பிள்ளையை எடுக்கக் கூடாது. மையத்தின் பேரோடு பிள்ளையின் பேரையும் போட்டு ஸ்டேட்டஸ் வைப்பதை யார் செய்தாலும் எடுக்கச் சொல்லுங்கள்.

பாப்பா_டீச்சர் (விழுப்புரம் மாவட்டம்)

ஆமாம். அலுவலகத்துக்கு அனுப்ப எங்களுக்கும் போட்டோ தேவைப்படும், அதனால் டீச்சர் போனிலேயே அந்த ஒருவர் எடுக்கட்டும்.

கேள்வி_கேட்பவன் (மதுரை)

எல்லாவற்றையும் படித்தேன். ஆள் போடாத குறையைப் பெற்றோர் நிரப்பக் கூடாது என்பதில் நான் இன்னும் அப்படியேதான் இருக்கிறேன். ஆனால் சந்தையும் தாலாட்டும் அந்தக் கணக்கில் வராது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

அந்தச் செல்வாக்குள்ளவரை விட்டுவிடாதீர்கள். பந்தலும் ஸ்பீக்கரும் ஒரு சாயங்காலத்தோடு போய்விடும். அந்த மையத்தில் எது உடைந்து கிடக்கிறது என்று டீச்சரிடம் கேட்டு அதைச் செய்யச் சொல்லுங்கள். குழாயா, ஃபேனா, கழிவறைக் கதவா? அவர் செய்ய வேண்டியது, மாநகராட்சி செய்ய வேண்டியது என்று இரண்டாகப் பிரித்து, இரண்டாவதற்குப் பெற்றோர் எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுங்கள். கையெழுத்துக்கு ஷிப்ட் தடையில்லை.

கட்டிங்_மாஸ்டர் (திருப்பூர்)

நேற்று டீச்சரிடம் உட்கார்ந்து பேசினோம். நானும் இரண்டு அம்மாக்களும். சாயங்கால மேடை வேண்டாம், பகலில் சந்தை என்று சொன்னதுமே அவர் பேப்பர் எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டார். கேட்டில் கொண்டி இல்லை, கயிறு கட்டித்தான் சமாளிக்கிறார்கள் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. தினமும் அந்தக் கேட்டைத் தாண்டித்தான் பிள்ளையை விடுகிறோம்!

பந்தல் தருவதாகச் சொன்னவரிடம் நானும் டீச்சருமாகப் போய்ப் பேசினோம். முதலில் அவருக்குக் கொஞ்சம் மனசு சுணங்கியது, பத்துப் பேரைக் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டாராம். அந்தப் பத்துப் பேரும் சந்தைக்கு வந்து ஆளுக்கு ஒரு பொம்மை வாங்கட்டும், மிச்சக் காசை பிள்ளை எண்ணி முடிக்கும் வரை நிற்கட்டும் என்றார் டீச்சர். அதைக் கேட்டு அந்த மனிதர் சிரித்துவிட்டார். கேட் கொண்டியும் இரண்டு ஜமுக்காளமும் அவர் பொறுப்பு. கழிவறைக் குழாய்க்கு மனு எழுதியாகிவிட்டது, ராத்திரி எட்டரைக்கு மேல் லைன் வீடுகளில் போய்க் கையெழுத்து வாங்குகிறோம்.

வாசலுக்கு ஒரு தாத்தா, நோட்டு எழுத பிளஸ் டூ முடித்த ஒரு தங்கச்சி. பாத்ரூம் வேலைக்கு ஒடிசாக்கார அம்மா ஒருவர் தானாக முன்வந்தார். டீச்சர் அவரைப் பாடவும் சொல்லியிருக்கிறார், இரண்டுக்கும் சரி என்றார். தண்ணீருக்கு மட்டும் இன்னும் ஆள் பார்க்கணும்.

டீச்சர், ஒரு சந்தேகம். நிஜக் காசு கொடுக்கலாமா?

பாப்பா_டீச்சர் (விழுப்புரம் மாவட்டம்)

ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், நிஜக் காசில்தான் கவனம் வரும். ஆனால் இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகள் பக்கம் ஒரு நாணயம்கூட உருளக் கூடாது, வாயில்தான் போடும். அவர்கள் கடைக்கு அட்டையில் பெரிய வட்டமாக வெட்டிக் கொடுங்கள். பொம்மைக்குக் கண் வைக்கிறவர்களிடமும் சொல்லிவிடுங்கள், பட்டன் தைக்கக் கூடாது, நூலிலேயே கண் போடட்டும்.

கட்டிங்_மாஸ்டர் (திருப்பூர்)

பட்டன் வைக்கத்தான் இருந்தார்கள், இப்போதே போன் பண்ணிச் சொல்கிறேன். அட்டை வட்டம் நான் வெட்டித் தருகிறேன்.